ஆடாத ஊரிலிருந்து வந்த அழைப்பு

அக்கா,

நான் ஓய்வு பெற இன்னும் நான்கு நாள். ஆய்வகத்தில் என் இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தப் பழைய நிலநடுக்க வரைபடம் கிடைத்தது. காரைக்கால் இருக்கும் இடத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் கறை. மசாலா அரைத்த கையோடு, "நம்ம ஊரு எங்கடா?" என்று நீ தொட்ட இடம்.

லீவுக்கு வந்தபோது உன் மண்டபத்தூர் வீட்டில் அதை விரித்துக் காட்டினேன். "நம்ம பக்கம் பயமே இல்லக்கா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஆடாத ஊர்ல பொறந்துட்டு ஆட்டத்தப் படிக்கப் போனியாக்கும்!" அப்புறம் உன் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடமெல்லாம் என் பெருமைதான். லாரி போய் ஜன்னல் அதிர்ந்தால்கூட எனக்குத்தான் ஃபோன் செய்வாய்.

சுனாமி வந்த அன்று காலையிலும் செய்தாய்.

"தம்பி, கட்டிலே ஆடிடுச்சுடா. பாத்திரமெல்லாம் தடதடங்குது."

"எங்கயோ தூரத்துல வந்திருக்குக்கா. நம்ம ஊருக்கு ஒண்ணும் ஆகாது. நீ போயி வேலையப் பாரு."

"நீ சொன்னா சரிதான். ஞாயித்துக்கெழமையாச்சே, கடற்கரைக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்துடறேன்."

நான் ஆய்வகத்துக்கு ஓடினேன். அவ்வளவு பெரிய பதிவை அதற்கு முன் பார்த்ததில்லை. கருவியின் கோடு தாள் கொள்ளாமல் எகிறியிருந்தது. யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்: எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. நடுக்கம் கடலுக்கடியில் என்று தெரிந்த பிறகும் உனக்கு ஃபோன் செய்ய நேரம் இருந்தது. செய்யத் தோன்றவில்லை. நிலம்தான் என் படிப்பு. நீ தரையைப் பற்றிக் கேட்டாய், நானும் தரையைப் பற்றியே பதில் சொன்னேன். கடல் என் நினைவிலேயே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். கரையோரத்திலிருந்து யார் கேட்டாலும் முதலில் மேட்டுக்குப் போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அத்தான் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. காரியம் முடிந்த அன்று என் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார். "அவ பயந்துகிட்டுப் போகல மாப்ள. நீ சொன்ன தைரியத்துல நிம்மதியாத்தான் கூடையத் தூக்கிட்டுப் போனா" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். உன்னுடைய அந்த நிம்மதியை, அக்கா, என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.