வெயில் அடித்த ஞாயிறு

போத்தனூர்
11.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை ரெபேக்கா எழுதுவது. வாட்ஸ்அப்பில் எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். இந்தக் கோபத்துக்கு அது போதாது. அதனால் நொண்டிக்கொண்டாவது தபால் ஆபீசுக்குப் போகிறேன்.

முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறேன் என்று பழைய அமெரிக்க புட்பால் ஆட்டம் ஒன்றின் வீடியோவை அனுப்பினீர்கள். "நான் நேரில் பார்த்த மேட்ச். மூன்றாம் பாகத்தில் கூட்டத்தைக் காட்டும்போது நானும் தெரிவேன்" என்று ஒரு வரி. அண்ணனைப் பார்க்கலாமே என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஓடுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், எழுந்து வட்டமாக நின்று கூட்டம் பேசுகிறார்கள். பெயர்தான் புட்பால், பந்தில் கால் பட்டதையே காணோம். ஆனாலும் தோற்றுக்கொண்டிருந்த சிவப்புச் சட்டைக்காரர்கள் விடாமல் எழும்பி வந்தபோது நானும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உங்களைக் காட்டினார்கள். அம்மா பின்னிய காப்பிப்பொடி நிற ஸ்வெட்டர், நூல் போதாமல் கழுத்தை மட்டும் பச்சையில் முடித்தார்களே, அதே ஸ்வெட்டர். சந்தோஷத்தில் கை தட்டினேன்.

கடைசியில் தேதி போட்டார்கள். 1992 டிசம்பர் 20, ஞாயிறு.

அம்மா போனது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, "வாரேன் கண்ணு. அம்மா மொகத்தை மூடிப்போடாதீங்க" என்றீர்கள். பெட்டி மூடும்முன் மூத்த பிள்ளைதான் முகத்தில் துணி போட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அதற்காகக் கட்டிலைச் சுற்றி ஐஸ் பாளங்களை அடுக்கிக் காத்திருந்தோம். உருகின தண்ணீரை சின்னப்பராஜ் மாமாவும் நானும் மூன்று நாள் மொண்டு ஊற்றினோம். திங்கள் காலையில் மறுபடி போன் செய்தீர்கள். பனி கொட்டுகிறது, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், எடுத்துவிடுங்கள் என்றீர்கள்.

துணியை நான்தான் போட்டேன். போடும்போது அம்மா காதில், "அண்ணனைக் கோவிச்சுக்காதீங்கம்மா, அங்க பனிங்களாம்" என்றேன்.

திரையில் நீங்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறீர்கள் அண்ணா. பனி எல்லாம் நம் வீட்டில்தான் இருந்தது.

ரிட்டயர் ஆகி ஏப்ரலில் வந்து மாடியிலேயே இருந்துகொள்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளையடிக்கச் சொல்லியிருந்த ஆறுச்சாமியை வர வேண்டாம் என்றுவிட்டேன். மாடிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, அது இங்கேயே இருக்கட்டும்.

ரெபேக்கா


ஒஹாயோ
3.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் டேவிட்சன் எழுதுவது. கை தவறி அனுப்பியதாக நினைக்காதே. தேதி தெரிந்துதான் அனுப்பினேன். உன் வீட்டு மாடிக்குக் குடிவரக் கேட்டுவிட்டு, இதை மறைத்துக்கொண்டு வர மனசு ஒப்பவில்லை. வாயால் சொல்லவும் தைரியம் வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. லிண்டாவைக் கட்டுவதற்கு அம்மா சம்மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில், "இனி எனக்கு எழுத வேண்டாம்" என்று ஒரு கடிதம் போட்டேன். அம்மாவும் எழுதவில்லை. மூன்று மாதத்தில் போய்விட்டார்கள்.

அந்த ஞாயிறு விமான நிலையத்துக்குத்தான் பஸ் ஏறினேன். பஸ் முழுக்கச் சிவப்புத் தொப்பிக்காரர்கள். மைதானம் வந்ததும் அவர்கள் இறங்கினார்கள், நானும் இறங்கிவிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் இறங்கினேன், வேறு காரணம் இல்லை. விமானம் மூன்று மணிக்கு. ஆட்டம் முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

முடிந்தால் அந்த இடத்தை இன்னொரு முறை பார். என் மடியைப் பார்.

மாடி வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டேன். ஸ்டேஷன் பக்கம் லாட்ஜில் அறை எடுத்துக்கொள்கிறேன்.

டேவிட்சன்


போத்தனூர்
21.3.2024

அண்ணாவுக்கு,

மறுபடி பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி, கண் வலிக்கப் பார்த்தேன். ஸ்வெட்டரைக் கண்ட சந்தோஷத்தில் முதல் தடவை கீழே பார்க்காமல் விட்டிருக்கிறேன். மடியில் நீலச் சூட்கேஸ் இருக்கிறது. அடையாளத்துக்கு அம்மா கைப்பிடியில் கட்டிவிட்ட ரிப்பன்கூட அப்படியே இருக்கிறது. சுற்றி அத்தனை பேரும் எழுந்து நின்று கத்துகிறார்கள், நீங்கள் மட்டும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கூடித்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். ஆனால் அதைத்தான் அம்மா காதில் சொல்லியிருப்பேன். கடைசியாக அம்மாவிடம் பேசியது நான். அந்தப் பேச்சைப் பொய்யாக்கிவிட்டீர்கள். முப்பத்தொரு ஈஸ்டருக்குப் பூ வைத்துவிட்டு, பாவம் அண்ணன், பனியில் மாட்டிக்கொண்டார் என்று உங்களுக்காகவும் சேர்த்து அழுதேனே, அதை யார் திருப்பித் தருவது?

உங்களுக்குத் தெரியாததும் ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை அம்மா யாரிடமும் காட்டவில்லை. அண்ணனிடமிருந்து ஏன் தபால் இல்லை என்று கேட்கும்போதெல்லாம், "டேவிட்டுக்கு வேலை ஜாஸ்தி கண்ணு" என்பார்கள். இந்த வீட்டில் உங்களுக்காகப் பொய் சொன்னது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

லாட்ஜில் தங்கினால் நாலு பேர் என்னைத்தான் கேட்பார்கள். ஆறுச்சாமி திங்கட்கிழமை வெள்ளையடிக்க வருகிறார்.

ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வர வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள், நான் கேட் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் மட்டும் உள்ளே போய், அன்றைக்குப் பனி இல்லை, வெயில் அடித்தது என்று அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கிறேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

சொல்லிவிட்டு வாருங்கள். சாவியைக் கையில் தருகிறேன்.

கோபம் தீராத தங்கை,
ரெபேக்கா