ஒற்றைக் கோட்டுக்கு அடியில் சேது

1979 ஜூன் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று முறிந்தது. பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வாங்கி வந்தேன். கணக்கில் மூன்று மார்க் மட்டும் குறைவு. எங்கே போச்சு அந்த மூன்று? வழியெல்லாம் இதே யோசனை, சாக்கடையில் காலை விட்டேன்.

மேரி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "விசாலம், நீ ஃபர்ஸ்ட் குரூப்தான் எடுக்கணும். கணக்கை விட்டா பாவம் கேட்டோ." தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அப்பா சாயந்திரம் வெலிங்டன் தீவுக் கிடங்கு வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் மார்க்கைப் பார்த்தார். இரண்டு முறை. "கெட்டிக்காரி. டாக்டருக்குப் படிக்க இது தாராளம்." டாக்டர் என்றால் காலேஜில் செகண்ட் குரூப். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. கணக்கு கிடையாது.

நான் டாக்டர் ஆகணும் என்று எப்போது சொன்னேன்? சொன்னது சேது அண்ணன்.

வேண்டியவை: டி.சி., நடத்தைச் சான்று, போட்டோ 2, விண்ணப்பம் (அப்பா வாங்குவார்), புதுக் குடை.

ஜூன் 6, புதன்

மழை விட்டு விட்டு. எதிர்க் கிடங்கில் வற்றல் மிளகாய் இறக்கினார்கள். தெருவே தும்மியது. எங்கள் தெரு அம்மிணி சேச்சி வாசலில் நின்று ஏசினார், "மனுஷன் இங்கே ஜீவிக்கண்டே?"

பதினொரு மணி. நானும் அம்மாவும் அடுக்களையில். மாடியில் தும்மல். அம்மா கை வேலையை விடாமல் "நூறு" என்றார். இன்னொன்று. "இருநூறு." மூன்றாவதுக்கு வாய் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாடியில் யாரும் இல்லை. ஒன்பது மாதமாக யாரும் இல்லை. சேது அண்ணன் எப்போதும் மூன்றுதான் தும்முவான்.

பக்கத்து வீட்டில் யாராவது தும்மியிருப்பார்கள். சுவர் ஒன்றுதானே. அம்மாவிடமும் அதையே சொன்னேன். அம்மா, "அதேதான், அதேதான்," என்றார். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அப்பா தட்டைக் காலி செய்தார்.

ஜூன் 8, வெள்ளி

வெயில்! துணி காய்ந்தது.

மேரி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவிடம் மூன்றாவது வழி ஒன்று சொன்னார். தமிழ்நாட்டில் இப்போது பிளஸ் டூ வந்திருக்கிறது. அங்கே கணக்கும் பயாலஜியும் சேர்த்தே படிக்கலாம். டாக்டருக்கும் போடலாம், இன்ஜினியருக்கும் போடலாம், இரண்டு கதவும் திறந்தே இருக்கும். கோயமுத்தூரில் சித்தப்பா வீடு இருக்கிறதே.

நான் அடுக்களை வாசலுக்கே வந்து நின்றேன். அப்பா சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறின பிறகும் ஆற்றினார்.

"டீச்சரே, இன்னொண்ணையும் என்னால கண்ணுக்கு மறைவா விட முடியாது."

அதோடு முடிந்தது. டீச்சர் குடையை மறந்துவிட்டுப் போனார்.

அண்ணனைக் கண்ணுக்கு மறைவாகவா விட்டார்? கூடவேதானே இருந்தார். போன செப்டம்பர், ஃபர்ஸ்ட் குரூப் கணக்கில் தோற்றுப்போய் மறுபரீட்சை. அண்ணனுக்குக் காய்ச்சல். கண் மஞ்சள். "பரீட்சை முடியட்டும், டாக்டரைப் பார்க்கலாம்," என்றார் அப்பா. அப்பாதான் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றி எர்ணாகுளம் கூட்டிப் போனார். அண்ணன் எழுதினான். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். ரிசல்ட் பிறகு வந்தது. அதையும் எழுதித்தான் வைக்கணும்: அதிலும் தோல்வி.

அவனுக்கு பயாலஜி என்றால் உயிர். பூனைக்கு முறிந்த காலைக் கட்டுவான், தவளையின் படம் போடுவான். செகண்ட் குரூப் கேட்டு அழுதான். அப்பா விடவில்லை. "கணக்கு இருந்தா எங்க போனாலும் ஜீவிக்கலாம். மனசிலாச்சா?" இப்போது கணக்கு வேண்டும் என்கிறவளுக்கு செகண்ட். தலையெழுத்து!

ஜூன் 10, ஞாயிறு

அப்பா விண்ணப்பம் எழுதினார். அப்பா எழுதும்போது வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. கிடங்கு ரிஜிஸ்தர் எழுதுகிற கை. இருபத்திரண்டு வருஷம், ஒரு அடித்தல் இல்லை என்று பெருமை. இந்த வீட்டிலிருந்து போன ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். இன்று அண்ணனுடைய பழைய விண்ணப்ப நகலை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். தகப்பன் பெயர், விலாசம், தாய்மொழி. எல்லாம் அதேதானே.

என்னைக் கூப்பிட்டார். காகிதத்தை மடித்து, கையெழுத்து இடம் மட்டும் வெளியே தெரியும்படி நீட்டினார். மடிப்பைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. செகண்ட் என்கிற சொல்லைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சிறு வயதில் எங்கள் இருவருக்கும் அப்பா சொல்லிக் கொடுத்தது: தப்பு வந்தால் ரப்பர் வைக்காதே, சுரண்டாதே. ஒரே கோடு இழு. அடியில் இருப்பது படிக்க வரணும். மேலே சரியானதை எழுது. பக்கத்தில் சுருக்கொப்பம். "மறைச்சாதான் களவு. அடிச்சா களவு இல்ல."

ஜூன் 12, செவ்வாய்

மழை. அலமாரி துடைக்கப் போய் அண்ணனின் கணக்கு நோட்டு கையில் வந்தது. அட்டையில் சேதுராமன், ஃபர்ஸ்ட் குரூப். உள்ளே பாதி என் கையெழுத்து.

யாரும் படிக்க மாட்டார்கள், எழுதிவிடுகிறேன். அவன் வீட்டுப்பாடக் கணக்கை எல்லாம் நான்தான் போட்டேன். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் புத்தகத்தைப் படித்து நானே கற்றுக்கொண்டேன். எனக்கு அது அல்வா. அவன் வெளியே பூனையோடு இருப்பான். "குட்டி, அப்பாகிட்டச் சொல்லாதே கேட்டியா. உனக்குப் பொரிகடலை." காலேஜில் குரூப் மாற்றிக்கொள்ள முதல் இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் நோட்டில் எல்லாம் சரி, எல்லாம் சிவப்பு டிக். அவனுக்கு ஒன்றும் வரவில்லை என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் மாற்றியிருப்பார். மாற்றியிருந்தால் மறுபரீட்சை இல்லை. காய்ச்சலோடு படகு இல்லை.

பொரிகடலைக்காக.

இதை அப்பாவிடம் சொல்லணும். ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்ல வாயைத் திறந்தேன். "என்ன?" என்றார். "மோர் வேணுமா?" என்று கேட்டு வைத்தேன்.

ஜூன் 14, வியாழன்

தொண்டைக்கட்டு. சுக்குக் கஷாயம். திங்கட்கிழமை இன்டர்வியூ. வழியில் அம்மிணி சேச்சி, "டாக்டரம்மே, எனக்கு முட்டு வேதன, ஃப்ரீயா நோக்கணே." சிரித்துவிட்டு வந்தேன். சிரித்தேனா?

மாடிக்குப் போகவில்லை. மடிக்க வேண்டிய துணியைக் கீழேயே மடித்தேன்.

அண்ணா, நான் டாக்டர் ஆனால் நீ ஆனமாதிரி ஆகுமா? அதையாவது சொல்லித் தொலையேன்.

ஜூன் 18, திங்கள்

பிய்த்து உதறும் மழை. ஏழரைப் படகு. அப்பா வெள்ளை வேட்டி. படகில் அண்ணனை அன்று உட்காரவைத்த ஜன்னல் இருக்கையில் அப்பா உட்காரவில்லை. காலியாகத்தான் இருந்தது. நின்றே வந்தார்.

காலேஜ் ஹால். நனைந்த குடைகளின் நாற்றம். நோட்டீஸ் போர்டில் நம்பர் மட்டும். என் விண்ணப்ப நம்பர் செகண்ட் குரூப்பில் நாலாவது. கிளார்க் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். மூன்று பேர் போய் வந்தார்கள். பிறகு:

"சேதுராமன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வேறு சேதுராமன், ஊரில் ஒருத்தனா இருப்பான்?

"மட்டாஞ்சேரி சேதுராமன். உண்டோ இல்லையோ?"

அப்பா எழுந்து நின்றார். "உண்டு," என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு நடந்தார். பிரின்சிபல் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்தார். "சேதுராமன் எவிடே?"

பெயர்க் கட்டத்தில் அப்பாவின் மணிமணியான கையில் அண்ணன் பெயர். பழைய நகலைப் பார்த்து எழுதியதில், குரூப்பையும் மார்க்கையும் மாற்றியவர் பெயரை மாற்றவில்லை. ஒரு வாரம் தபால் பையில், ஆபீஸில், லிஸ்டில், அண்ணன் செகண்ட் குரூப்புக்குக் காத்திருந்திருக்கிறான்.

"என் கைப்பிழை சார்," என்றார் அப்பா. அப்பாவா? இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. பிரின்சிபல் நல்ல மனுஷர். அதட்டவில்லை. "சாரமில்லா. திருத்தி, ஒப்பு வச்சால் மதி," அதுவே போதும் என்று பேனாவைக் கொடுத்தார்.

அப்பா பேனாவைக் காகிதத்தின் மேல் கொண்டுபோனார். கோடு இழுக்க வரவில்லை. பேனா முனை பெயர்மேலேயே நின்றது. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே, அந்த மேஜை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"அப்பா, அண்ணன் நோட்டுல கணக்கெல்லாம் நான் போட்டது."

அப்பா தலை நிமிரவில்லை.

"தெரியும். கையெழுத்து தெரியாதவனா நான்? முதல் வாரமே தெரியும்." பெயரையே பார்த்தபடி, "போகப்போக அவனுக்கும் வந்துடும்னு இருந்தேன். தப்பு உன்மேல இல்ல பாப்பா."

பேனாவை என் கையில் வைத்தார்.

அண்ணன் பெயர்மேல் ஒரே கோடு இழுத்தேன். மேலே என் பெயர் எழுதினேன். கண் மறைத்தது, இருந்தாலும் நேராகவே வந்தது. அதற்குக் கீழே இரண்டாவது கட்டம், குரூப். பிரின்சிபலிடம், "இதையும் மாத்தலாமா சார்?" என்றேன். மார்க்கைப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் குரூப்பிலும் சீட் கிட்டும். பக்ஷே பின்னே மெடிசின் இல்ல. அறியாமோ?"

"அறியாம் சார்." தெரியும், தெரிந்துதான் கேட்டேன்.

அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அசைத்தார். கொஞ்சம்தான். செகண்டின் மேல் ஒரே கோடு. ஃபர்ஸ்ட். அப்பா குனிந்து இரண்டு இடத்திலும் சுருக்கொப்பம் போட்டார். இப்போது பேனா நிற்கவில்லை.

திரும்பும் படகில் மழை நின்றிருந்தது. அப்பா அந்த ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வெலிங்டன் தீவு தாண்டியதும் கேட்டார்.

"கோட்டுக்கு அடியில அவன் பேரு படிக்க வருதில்ல?"

"வருதுப்பா."