நீ கேட்ட இரண்டு கதவு வண்டி

என் தெய்வானைக்கு,

நம் கார் வந்துவிட்டது. பதிவு செய்து ஏழு வருஷம் கழித்து, நீ போய் ஒரு வருஷம் கழித்து, கோயமுத்தூர் கார் கம்பெனியிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது. டீலக்ஸ் வண்டி தயார், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும் என்று போட்டிருக்கிறான். படித்த கையோடு உன்னிடம் சொல்லத்தான் சமையல்கட்டுக்கு நடந்தேன். வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் நினைப்பு வந்தது.

உன் வருஷத் திதிக்குப் பேப்பரில் போட்டோவும் நாலு வரியும் போடலாம் என்று தம்பி சொன்னான். ஆறாத் துயரில் வாடும் குடும்பத்தார் என்று எல்லோரும் போடுகிற அதே நாலு வரி. எனக்கு அது வேண்டாம் என்றேன். நம் ஊர் வாரப் பத்திரிகைக்காரர் ஒரு பக்கம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். அதில்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது தெய்வா. நாலு பேர் பார்க்க எழுதிவிட்டால் பிறகு நான் மழுப்ப முடியாது இல்லையா?

கார் கம்பெனிக்காரன் கொடுத்த அந்தப் பளபளப்புப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே வண்டி, ஒரே எஞ்சின், ஆனால் இரண்டு தினுசு. இடது பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் மாடல். சிவப்புக் கலர், இரண்டே கதவு, முன்னால் தனித்தனியாய் இரண்டு சீட்டு, நடுவில் தரையிலிருந்து எழும்பி நிற்கிற கியர். வலது பக்கத்தில் டீலக்ஸ். நாலு கதவு, முன்னாலும் பின்னாலும் சோபா மாதிரி நீளமான சீட்டு, மெத்து மெத்தென்ற குஷன், கியர்கூட ஸ்டீரிங்கிலேயே. ஸ்போர்ட்ஸிலும் பின்சீட்டு என்று ஒன்று உண்டு. ஆனால் முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும்.

எனக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. பனியன் கம்பெனி வைத்திருப்பவனுக்கு வெளியூர்ப் பார்ட்டி வந்தால் ரயிலடியிலிருந்து மரியாதையாக அழைத்துவர வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி. தம்பி குடும்பம் பிள்ளைகளோடு ஆறு பேர். நமக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் வீட்டில் கூட்டத்துக்குக் குறைச்சலா என்ன? டீலக்ஸ்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

நீதான் அந்த இடது பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஏனுங்க மாமா, இந்தச் சேப்பு வண்டி வாங்கிக்கலாங்களா?" என்றாய்.

"சின்னப் புள்ளையாட்டப் பேசாதே. இதுல அம்மா எப்படி ஏறுவாங்க? பனியன் பேல் எங்கே வெக்கறது?" என்று சுள்ளென்று விழுந்தேன்.

கல்யாணமாகி அதுவரை நீ என்னிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இதை மட்டும் ஒரு மாசம் கேட்டாய். காப்பி கொண்டுவரும்போது கேட்டாய், கணக்குப்பிள்ளை எழுந்து போனதும் கேட்டாய். காரணம் சொல்லாமல், "நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாய். உனக்குப் பவிசு தலைக்கேறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு நாள் அதை வாய்விட்டும் சொன்னேன்.

நம் வாக்குவாதம் அம்மா காதுக்கு எட்டியதும், "எதுக்குச் சாமி சண்டை? கொலதெய்வத்துக்கிட்டப் பூக் கேட்டுருங்க. அது சொல்றபடி செய்யுங்க" என்று முடித்துவிட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் ஒன்றுபோலக் கட்டிச் சாமி காலடியில் போட்டு, பூசாரி எதை எடுக்கிறாரோ அதுதான் உத்தரவு. கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, நம் வீட்டில் எல்லாம் அப்படித்தான். வெள்ளை வந்தால் டீலக்ஸ், சிவப்பு வந்தால் ஸ்போர்ட்ஸ் என்று பேசிக்கொண்டோம்.

குண்டடம் பக்கத்துக் கோயிலுக்கு ஒரே வாடகைக் காரில் எல்லோரும் அடைத்துக்கொண்டு போனோம். உன் தங்கச்சி சிவகாமியும் வந்திருந்தாள். பல்லடத்தில் வண்டியை நிறுத்தி மல்லிகையும் ஒரு சிவப்பு ரோஜாவும் வாங்கியது நான். கோயில் கிணற்றடியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டியதும் நான்.

தெய்வா, இரண்டு பொட்டலத்திலும் மல்லிகையைத்தான் வைத்தேன். ரோஜாவைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டேன். சாமி எதை எடுத்தாலும் டீலக்ஸ்தான் வர வேண்டும் என்று சாமியையே ஏமாற்றினேன். இப்போது பேப்பரில் எழுதியாகிவிட்டது. தம்பி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான். அவள் என்ன சொல்வாளோ சொல்லட்டும்.

பூசாரி பிரித்தார், வெள்ளை வந்தது. நான் உன் முகத்தைப் பார்க்காமல் தேங்காய் உடைக்கப் போய்விட்டேன். "சாமியே சொன்னதுக்கப்பறம் என்னங்க இருக்குது" என்று நீ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷம், நீ அந்தச் சிவப்பு வண்டியின் பேச்சையே எடுக்கவில்லை. கார் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், "டீலக்ஸுக்குப் பதிஞ்சிருக்குறோமுங்க, வருமுங்க" என்று நீயே சிரித்துக்கொண்டு பதில் சொல்வாய். நானும் சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காமாலை முற்றி உன்னைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனதும் வாடகைக் காரில்தான். பின்சீட்டில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாய். காலடியில் தம்பி பெண்சாதி. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். அவிநாசி தாண்டும்போது என்னமோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. திரும்பி "என்ன?" என்றேன். அம்மா, "தண்ணி கேக்குது" என்றாள். நிஜமாகவே தண்ணிதான் கேட்டாயா? இந்த ஒரு வருஷமாக எனக்கு அதே யோசனைதான்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். நன்றாக இருக்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கம்பெனியில் புதிதாய் இரண்டு தையல் மெஷின் போட்டிருக்கிறோம், ஆர்டருக்குக் குறைவில்லை. வீட்டில் "சாப்பிட்டாச்சா?" என்று ஒவ்வொருவராக எல்லோரும் கேட்கிறார்கள். ஆச்சு என்றால் சரி என்று போய்விடுகிறார்கள். சாப்பிடாமலே பொய் சொல்கிறேன் என்று கண்டுபிடிக்க ஓர் ஆளில்லை. இத்தனை பேர் நடமாடுகிற வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் தெய்வா. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை கோயமுத்தூர் போனேன். நம் டீலக்ஸ், சாம்பல் கலரில் துடைத்து நிறுத்தியிருந்தான். ஏறி உட்கார்ந்தேன். நல்ல வண்டிதான், குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொருவர் பெயருக்கு வந்த ஸ்போர்ட்ஸ் மாடல் நின்றது. அதிலும் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பனைக்காரத் தம்பி தயங்கித் தயங்கிக் கதவைத் திறந்தான்.

டீலக்ஸில் தனியாக உட்கார்ந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீளமான சீட்டு, நான் ஓர் ஓரம், அவ்வளவுதான். இதில் அப்படி இல்லை. பக்கத்தில் இன்னொரு சீட்டு, ஓர் ஆளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது, காலியாக இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. இறங்கிக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புழுக்கம் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

"நம்ம பதிவை இந்த மாடலுக்கு மாத்திக்கலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"மாத்தலாமுங்க. ஆனா அது புதுப் பதிவு ஆயிருமுங்க. வரிசையில கடைசிக்குப் போயிருவீங்க. மறுபடி ஏழு வருசமோ எட்டு வருசமோ, சொல்ல முடியாதுங்க. வந்த வண்டியெ யாராச்சும் விடுவாங்களா? வெள்ளிக்கெழமை வரைக்கும் யோசிங்க" என்றான்.

அங்கிருந்து நேராகக் கணியூருக்குப் பஸ் ஏறினேன், சிவகாமி வீட்டுக்கு. உனக்கு அந்த வண்டி மேல் ஏன் அத்தனை ஆசை என்று அவளுக்காவது தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அவள் காப்பி வைத்துக் கொடுத்தாள். நான் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு அக்கா எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்குதுங்க மாமா. அதே போயிருச்சு, இனி என்னத்தெ மறைக்கறது. அன்னைக்குக் கோயில்ல நீங்கெல்லாம் பந்தியில உக்காந்துட்டீங்க. அக்கா அந்த இன்னொரு பொட்டலத்தெ எடுத்துப் பிரிச்சுதுங்க. அதுலயும் மல்லிப்பூத்தான் இருந்துது."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "அதெ எதுக்கு அவ பிரிச்சா?"

"அந்த ரோசாப்பூவெத் தலையில வெச்சுக்கலாம்னுங்க. வண்டிதான் இல்லீன்னு ஆயிருச்சு, பூவாச்சும் இருக்கட்டும்னுச்சு."

"என்னையத் திட்டினாளா?"

"இல்லீங்க. மொதல்ல சிரிச்சுது. அப்பறம் அழுதுச்சு. 'எங்கூடத் தனியா வாரது மாமாவுக்கு இத்தனை கஷ்டம்னு எனக்குத் தெரியாமப் போச்சே சிவகாமி'ன்னு சொல்லுச்சுங்க."

எனக்குப் புரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவளே விளக்கினாள். "அந்த வண்டியில அத்தை ஏற முடியாது, புள்ளைங்க ஏற முடியாது, பார்ட்டியும் வர முடியாது. அதுல போனா நீங்க ரெண்டு பேருந்தான் போகோணும். அதுக்குத்தானுங்க மாமா அக்கா அந்த வண்டியெக் கேட்டுது. கல்யாணம் ஆன நாள்லிருந்து நீங்க ரெண்டு பேரும் தனியா ஒரு பக்கம் போனதுண்டுங்களா?"

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். சினிமாவுக்குப் போனால் ஒன்பது பேர். பழனிக்குப் போனால் பதினொரு பேர். கல்யாணமான மறுவாரம் உன் அம்மா வீட்டு விருந்துக்குப் போனபோதுகூட நடுவில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூட இல்லை தெய்வா. இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவைகூட இல்லை.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பவிசு என்று நான் வைதபோதாவது சொல்லியிருக்கலாமே? பிறகு நினைத்துப் பார்த்தேன். நீ எங்கே வைத்துச் சொல்வாய்? நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேச அந்த வீட்டில் இடம் எங்கே இருந்தது? அந்த இடத்தைத்தான் நீ ஒரு மாசம் கேட்டிருக்கிறாய். நான் அதைச் சாமி பேரைச் சொல்லி இல்லை என்று ஆக்கினேன். தெரிந்தும், ஆறு வருஷம் என் பொய்யை நீ காப்பாற்றினாய். கடைசிவரை ஒரு சொல் இடித்துக் காட்டவில்லை. என்னை மன்னித்துத்தான் அப்படி இருந்தாயா, இல்லை, என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டாயா?

நேற்று வெள்ளிக்கிழமை. நான் கிளம்பும்போது அம்மா விபூதி பூசிவிட்டாள். வண்டியோடு வருவேன் என்று வாசலில் கோலம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். டீலக்ஸை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். ஸ்போர்ட்ஸ் மாடலுக்குப் புதிதாகப் பதிவு செய்தேன். படிவத்தில் வயசு ஐம்பத்திரண்டு என்று எழுதியதும் விற்பனைக்காரத் தம்பி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான் போலிருக்கிறது.

"வண்டி வர்றப்ப உங்களுக்கு அறுபது ஆயிருமுங்களே சார்" என்றான்.

"ஆவட்டும்" என்றேன்.

பஸ்ஸில் வந்து இறங்கினேன். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "ஒத்தை ஆளுக்கு எதுக்குச் சாமி ரெண்டு சீட்டு வண்டி?" என்று கேட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பதில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது, வாசிக்கக் கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்கு வேண்டாத வண்டிக்காக நீ என்னோடு ஆறு வருஷம் முகம் சுளிக்காமல் காத்திருந்தாய். நீ கேட்ட வண்டிக்காக நான் காத்திருக்கிறேன். ஏழோ எட்டோ, ஆகட்டும். இந்தத் தடவை யாரிடமும் பூக் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். அதற்குள் நானே கார் ஓட்டக் கற்றுக்கொள்வேன். டிரைவர் வைத்தால் மூன்று பேராகிவிடும்.

உன் மாமன்,
கந்தசாமி