எந்தக் கையில், மச்சான்?

என் அருமை மச்சான் குணாவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும். மூன்றாவது புத்தகத்துக்குப் படங்களை எல்லாம் வரைந்து முடித்தாய். எந்தப் படம் எந்தப் பாட்டுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், காலையில் கோப்பி குடித்த கையோடு போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று சாந்தியிடம் சொல்லக்கூட உனக்குப் பொறுமை இல்லை. என் தங்கச்சி இன்னும் அந்தக் கோப்பையைக் கழுவி, உன் இடத்தில்தான் கவிழ்த்து வைக்கிறாள்.

ஈப்போவில் எல்லாரும் சுகம். சாயங்காலம் ஆனால் மழை வருகிறது. பிஸ்கட் கம்பெனிக்காரன் டின்னில் இருந்த உன் கிளியை எடுத்துவிட்டான். கம்ப்யூட்டரில் வரைந்த புதுக் கிளி வந்திருக்கிறது. எனக்கு அது புறாவாகத்தான் தெரிகிறது. நீ பார்த்திருந்தால் கான்டனீஸில் ஒன்று சொல்லியிருப்பாய். அதை நான் தமிழில் எழுதமுடியாது.

அந்தக் கம்பெனியில்தானே நாம் பழக்கமானோம்? நான் ஸ்டோர் ஆள். நீ லேபிள் வரைய வந்தவன். உன் அப்பாவுக்கு லகாட் ஈயச் சுரங்கத்தில் வேலை, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிக்கூடம், நடக்கிற தூரம் என்று உன்னை அதில் போட்டுவிட்டார். தமிழில் பேசுவாய், பாடுவாய், வாய் கூசாமல் திட்டுவாய். படிக்க மட்டும் வராது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, வரி முடிவதற்குள் வரியின் தொடக்கத்தை மறந்துவிடுவாய்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து பழைய அகப்பாட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் பிடித்த பைத்தியம் அது, இன்றுவரை விடவில்லை. நீ தோளைத் தட்டினாய்.

"என்னா மச்சான், வாய்க்குள்ளயே முனகுற? எனக்கும் கேக்குற மாதிரி படிலா."

படித்தேன். பொருள் சொன்னேன். தலைவன் வருவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை, அவள் காத்திருக்கிறாள். நீ பென்சிலை எடுத்து பிஸ்கட் அட்டையின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாய். பாதியில் நிமிர்ந்து, "அவ எந்தக் கையால கதவப் புடிச்சிருக்கா?" என்று கேட்டாய்.

"பாட்டுல கதவே இல்லடா."

"வீடுன்னா கதவு இருக்கும்லா. எந்தக் கை?"

இடது கை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து அதுவே நம் வேலை முறையாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் நான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் (கல்யாணத்துக்குப் பிறகு அது சாந்தியோடு உன் வீட்டுக்கு வந்துவிட்டது) உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். நீ எதிரில் இருந்து கேள்வி கேட்டுக் கேட்டு, தாளை எனக்குக் காட்டாமல் சாய்த்துப் பிடித்து வரைவாய். சாந்தி சமையல்கட்டிலிருந்து, "அண்ணே, அந்த வரிய இன்னொரு தடவ" என்பாள். அவளை நீ கட்டிக்கொண்டதும் இந்தச் சனிக்கிழமைகளால் வந்த வினைதான். தங்கச்சி புருஷனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதுதான் முறை. எனக்கு நாக்கு திரும்பவே இல்லை, மச்சானாகவே இருந்துவிட்டாய்.

முதல் புத்தகம் வந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? தலைவன் தேரில் திரும்பி வருகிற பாட்டுக்கு நீ கப்சாய் மோட்டார்சைக்கிளில் வருகிறவனை வரைந்திருந்தாய். ரப்பர் மரங்களுக்கு நடுவில், மழைக்கோட்டோடு, ஹெட்லைட் எரிய. வெளியீட்டு விழாவில் ஒரு பெரியவர் எழுந்து, சங்க காலத்தில் ஏது மோட்டார்சைக்கிள் என்று சத்தம் போட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. நீ மைக்கை வாங்கி, "ஐயா, தேர் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. புருஷனோட கப்சாய் சத்தம் எங்க ஊரு பொம்பளைங்களுக்குத் தூரத்திலயே தெரியும்லா" என்றாய். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அந்தப் பெரியவரே போகும்போது இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது புத்தகத்தைக் கொண்டுவரக் கோலாலம்பூரில் பதிப்பகம் நடத்துகிற ஒரு பெண் முன்வந்திருக்கிறாள். பெயர் யாழினி. நல்ல பிள்ளை, நம் முதல் இரண்டு புத்தகங்களையும் பார்த்து வளர்ந்தவளாம். "அங்கிள், படங்களப் பாட்டோட சேத்து அனுப்பிடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாள். சேர்ப்பது யார்? பக்கம் அமைக்கும்போது பாட்டின் முதல் சொல்லைக் கூட்டிப் படித்து நீதானே சேர்ப்பாய்? நான் படிப்பதோடு சரி, நீ வரைந்ததைப் புத்தகமாக வந்த பிறகுதான் பார்ப்பேன். அது நீ போட்ட சட்டம்.

உன் கட்டிலுக்கு அடியில் பிளைவுட் பலகைகளுக்கு நடுவில் வைத்திருந்த படங்களைச் சாந்தி எடுத்துவந்தாள். கூடத்துத் தரையில் பரப்பினோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். எதிரில் நீ இல்லாமல் படிப்பது எப்படி இருந்தது என்று கேட்காதே. முதல் பாட்டில் பாதியிலேயே தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போனேன். திரும்பி வந்தால் சாந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டுக்குப் போனோம்.

போகப் போகத்தான் உன் குறும்பு புரிந்தது. ஒரு படத்தில் தோழி வாயை அகலத் திறந்து கத்துகிறாள். அந்தப் பாட்டை நான் படித்த அன்று, பின்பக்கத்துத் தகரக் கூரையில் மழை கொட்டியது. நான் தொண்டை கிழியக் கத்திப் படித்தேன். இன்னொன்றில் மலைநாட்டுத் தலைவன் ஈப்போ சுண்ணாம்புக் குன்றின்மேல் நிற்கிறான், கழுத்தைச் சுற்றித் துண்டு. எனக்குச் சளி பிடித்திருந்த வாரம் அது. பாட்டை மட்டுமா வரைந்தாய் நீ? படித்தவனையும் சேர்த்து வரைந்திருக்கிறாய், திருட்டுப் பயலே. அதற்குப் பிறகு படங்களைப் பொருத்துவது எளிதாகிவிட்டது. சாந்தியும் நானும் சிரித்துக்கொண்டே அடுக்கினோம். அவ்வளவு நாளுக்கு அப்புறம் அந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம்.

கடைசியில் பாட்டுகள் தீர்ந்துவிட்டன. தரையில் ஒரு படம் மிஞ்சியது.

ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, காலி வீட்டின் வாசலைக் கூட்டுகிறாள். கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒரு சாமானும் இல்லை. சுவரில் சாமி படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. ஓரத்தில் சுருட்டிய பாய், கவிழ்த்த நாற்காலி, ஒரு குடம். மழைக்கு முந்தைய வெளிச்சம். நீ வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம், மச்சான். இதற்குத்தான் பாட்டு இல்லை.

என்னிடம் இருக்கிற புத்தகம் எல்லாவற்றையும் புரட்டினேன். தைப்பிங்கில் இருக்கிற தமிழாசிரியர் நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். காத்திருக்கிற தலைவி உண்டு, வாடுகிற தலைவி உண்டு, விருந்துக்குச் சமைக்கிறவள்கூட உண்டு, ஆளில்லாத வீட்டைக் கூட்டுகிற தலைவியை அவரும் கேள்விப்பட்டதில்லை. யாழினி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பாட்டு இல்லன்னா இத எடுத்துடலாமா அங்கிள்? அச்சுக்கு அனுப்பணும்."

சாந்தியிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "இது அவரு கடைசியா வரைஞ்சது. காஞ்சிச்சான்னு நான்தான் தொட்டுப் பாத்தேன். இத விட்டுட்டுப் புஸ்தகம் வேணாம்ணே."

காத்திருக்கிற தலைவி பாட்டு ஒன்றுக்கு எதிரில் இதையும் வைத்து ஒப்பேற்றிவிடலாமா என்று பார்த்தேன். படித்துக் காட்டினேன். சாந்தி தலையை ஆட்டினாள். "பொருந்தல. இவ யாருக்காகவும் காத்திருக்கல. இவ கெளம்புறா."

சொன்னவள் அப்படியே படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்ணே, நம்ம அம்மாவப் பத்தி ஒருநாள் சொன்னியே," என்றாள். "பீடோர் எஸ்டேட்ட விட்டு வந்த அன்னிக்கு அம்மா வீட்டக் கூட்டுனாங்கன்னு. நான் சின்னப் புள்ள, அப்ப லாரில ஏறி உக்காந்துட்டேன், எனக்கு ஞாபகமில்ல. நீ சொல்லித்தான் தெரியும். அடுப்படில நின்னு அழுதேன் அன்னிக்கு."

நான் சொன்னேனா? சொல்லியிருக்கிறேன். இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், கோப்பி ஆறுகிற நேரத்தில், வேடிக்கையாகத்தான் சொன்னேன். எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள், சாமான் எல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது. அம்மா மட்டும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். "இடிக்கப்போற வீட்ட எதுக்கும்மா கூட்டுற?" என்று நான் கத்தினேன். அம்மா அறை அறையாகக் கூட்டி, வாசலையும் கூட்டிவிட்டுத்தான் லாரியில் ஏறினாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தேன். நான் குடம் என்று நினைத்தது குடம் இல்லை. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்களின் வாளி. வாய்க்குச் சாரோங் துணியைக் கட்டி, இடுக்கில் ஒரு கோழித் தலை எட்டிப் பார்க்கிறது. அம்மா அப்படித்தான் எங்கள் கோழியை ஈப்போவுக்குக் கொண்டுவந்தாள். அதையும் சொல்லியிருக்கிறேன் போல.

அப்போதுதான் எனக்கு அடுத்தது ஞாபகம் வந்தது. நான் சொல்லி முடித்ததும் நீ கேட்டாய்: "எந்தக் கையில கூட்டுனாங்க, மச்சான்?" நீ கிண்டல் பண்ணுகிறாய் என்று நினைத்து, "சோத்துக் கையிலதான்லா, வேற எதுல?" என்று எரிந்து விழுந்தேன். நீ சிரிக்கவில்லை. "உள்ளேர்ந்து வெளியவா?" என்று இன்னொன்றும் கேட்டாய். பாட்டுகளுக்கு மட்டுமே நீ கேட்கிற கேள்விகள் அவை. எனக்கு ஏன் அன்று உறைக்கவில்லை?

அந்த மேசையில் இத்தனை வருஷம் உனக்குப் பாட்டு படிப்பவன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசியதையும் நீ பாட்டாகவே கேட்டிருக்கிறாய். தாங்கமுடியவில்லை மச்சான், வெளியே போய்ச் செருப்பில்லாமல் மழையில் நின்றேன். சாந்தி குடையோடு வந்து திட்டினாள்.

யாழினிக்குப் போன் செய்தேன். படம் இருக்கும், அதற்குப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் கிடையாது என்றேன். "அப்ப நீங்களே எழுதுங்க அங்கிள்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். படிக்கத்தான் தெரியும், நான் என்ன எழுதுவேன்? உட்கார்ந்து பார்த்தேன். 'பொலம்பூண் மடந்தை' என்று ஆரம்பித்தேன். சாந்தி எட்டிப் பார்த்து, "அது யாரு?" என்றாள். பொன் நகை பூண்ட பெண் என்று பொருள், அம்மா கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒன்றும் கிடந்ததில்லை. கிழித்துப் போட்டேன். "அன்னிக்கு அவருகிட்ட எப்படிச் சொன்னியோ, அப்படியே எழுதேன்" என்று சொல்லிவிட்டு என் தங்கச்சி உள்ளே போய்விட்டாள்.

எழுதுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. உன் படம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரும், எதிர்ப் பக்கம் வெறுமையாக இருக்காது. எழுதி முடித்ததும் வருகிற சனிக்கிழமை அதே மேசையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். மழை வந்தால் கத்திப் படிப்பேன். சரியில்லை என்றால் சாந்தி சொல்லட்டும், அவள் காது உன் காதுதான்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ அம்மாவை முதுகுப் பக்கமாக வரைந்ததால் இடது கை மறைந்துவிட்டது. நீயும் அன்று அந்தக் கையைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வலது கையில் விளக்குமாறு. இடது கையில், எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் ஒப்படைக்க வேண்டிய வீட்டுச் சாவி, கூட்டி முடிகிறவரைக்கும் இறுக்கிப் பிடித்தபடி. அதை நான் எழுதிக்கொள்கிறேன்.

என்றும் உனக்குப் படித்துக்காட்டும்,
உன் மச்சான்,
மாணிக்கம்
ஈப்போ