நேராகப் போகிற கோடு

மாசி 7, வியாழன்.

தங்கச்சி தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றும் போட்டியில் இது மூன்றாவது கட்டம். தினமும் காலையில் ஒரு வரியாவது மெசேஜ் போட்டுவிடுவாள். இன்றைக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை.

சாயந்திரம் அப்பா சோரியாங்குப்பத்துக் கரும்புக் கொல்லையிலிருந்து வந்ததும் என் போனைப் பிடுங்கிப் பார்த்தார். மேப்பில் அவள் படகின் புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. காலையிலிருந்து வளைவே இல்லாமல் ஒரே கோடு.

"இன்னா நேரா ஓட்றா பாரு, ஏர்ல சால் ஓட்ன மாரி! நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்க?" என்றார். அம்மா சிரித்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

தங்கச்சி ஓட்டினால் கோடு நேராக வராது. காற்று மாறமாற அவளும் திருப்பிக்கொண்டே இருப்பாள். நேற்றுவரை மேப்பில் அப்படித்தான் இருக்கிறது. போன கட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவளே சொன்னாள்: "நான் தண்ணில வுழுந்துட்டாகூட ஆட்டோபைலட் படகை நேரா ஓட்டிக்கினே போவும்க்கா." கழுதை, அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

போட்டி ஆபீசுக்கு மெயில் போட்டேன். படகு நல்ல வேகத்தில் போகிறதாம். படகையா கேட்டேன்?

அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார். புள்ளி இன்னும் நேராகவே போகிறது.

ஒரே ஒரு தடவை வளைடி.