தலைப்பில்லாத கொப்பி

சிவமயம்

வெள்ளவத்தை
14.2.2008, வியாழன்

செல்வ மகள் உமையாளுக்கு ஆத்தா எழுதுவது. கதிரேசன் புண்ணியத்தில் நானும் உன் அப்பச்சியும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம், லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். மனசுக்குத்தான் சுகமில்லை. இதைப் போனில் சொல்லப் பயம், இங்கே தபாலில் போடவும் பயம், கீழ் வீட்டு பலீல் நாளைக்கு லண்டன் போகிறார், இறங்கியதும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து படி.

போன வெள்ளிக்கிழமை காலையில் நம் லேனை மறித்து வீடு வீடாகச் சோதனை நடந்தது. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தது. அலுமாரியைத் திறந்தபோதுதான் அந்தக் கொப்பி அகப்பட்டது. உனக்கு அது தெரியாது. உன் அட்சரகணிதக் கட்டுரைகளை யார் யார் தங்கள் கட்டுரையில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஞாயிறுதோறும் காலி வீதி இன்டர்நெட் கடைக்குப் போய்ப் பார்த்து, ஆறு வருஷமாக இந்த மனுஷன் எழுதி வைத்திருக்கிறார். தபால் கந்தோரில் முப்பது வருஷம் கடிதம் பிரித்த கை அல்லவா, நாடு வாரியாக, ஊர் வாரியாகப் பெயர்கள், எதிரே ஒரு நம்பர், உன் எந்தக் கட்டுரை என்பதற்கு அந்த நம்பராம். நோர்வே, கனடா, ஜெர்மனி என்று எண்பத்து மூன்று பேர். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் நேரே பெயர்கள். இது என்ன என்று ஒரு சொல் கிடையாது. இயக்கத்துக்கு வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களின் பட்டியல் என்று நினைத்துவிட்டார்கள். கொப்பியோடு அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பலீலின் மனைவி ருக்கியா ஓடிவந்து, பாவம் பென்சன்காரர், பிரஷர் குளிசை குடிக்கிறவர் என்று சிங்களத்தில் கெஞ்சினாள்.

சாயங்காலம்தான் விட்டார்கள். ஸ்டேஷனில் பெரிய அதிகாரி கேட்டாராம், இவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றாராம் அப்பச்சி. மகளுக்கு? பாதிப் பேரை அவளும் கண்டிருக்க மாட்டாள் என்றாராம். யாரென்றே அறியாதவர்களை எதற்கு எழுதினீர்கள் என்றதற்கு, சேர், என் மகள் எழுதுவது எனக்கு விளங்காது, விளங்கினவர்களின் பெயரையாவது எழுதி வைப்போமே என்று எழுதினேன் என்றிருக்கிறார். அந்த மனிதர் உன் பெயரையும் விலாசத்தையும் ஃபைலில் குறித்துக்கொண்டு, இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை அத்தாட்சியோடு வரச் சொன்னாராம், இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டிவருமாம். அப்படி அனுப்பப்பட்ட அடுத்த லேன் சிவக்கொழுந்துவின் மருமகன் இன்னும் வீடு வரவில்லை.

ஆகவே கொப்பியில் இருக்கிறவர்கள் எல்லாரும் உன் கட்டுரைகளை எடுத்துச் சொன்ன கணக்குப் படித்தவர்கள்தான் என்று உன் பல்கலைக்கழகத் தாளில் எழுதி, முத்திரை குத்தி, பலீல் கடை ஃபேக்ஸுக்கு அனுப்ப வேண்டும், நம்பர் பின்பக்கம் இருக்கிறது. சித்திரைக்கு வருகிறேன் என்றாயே, வராதே. அப்பச்சி கூப்பிட்டாலும் வராதே. வாசலில் ஒரு வேன் நின்றால் ஓடிப்போய்க் கதவைத் தாழிடுகிறேன், இரண்டு பேருக்காகப் பயப்பட என்னிடம் தெம்பில்லை.

ஒரு வாரமாக அவரைத் திட்டித் தீர்க்கிறேன், அவர் வாய் திறப்பதில்லை. உன்னிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே அவர் உன் பெயரைத் தலைப்பாகப் போடத்தான் வந்தார், கையைப் பிடித்துத் தடுத்தது நான். ஊர்க் கண் பொல்லாதது, யார் பார்த்தாலும் தெரியாமல் இருக்கட்டும் என்றேன். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அவரை ஏற்றியிருக்க மாட்டார்களோ என்று நினைத்து நினைத்துச் சாகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்து, எண்பத்து நாலு என்றார், மெதுவாக. பிரேசிலில் யாரோ ஒருவராம். கலண்டர் தாளின் பின்புறம் எழுதியிருந்தார். பிடுங்கி அடுப்பில் போடப் போனேன், மனசு வரவில்லை. பேனையை எடுத்து அதன் மேலே உன் பெயரை நானே கொட்டை எழுத்தில் எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். கண் பட்டால் பட்டுப் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசினால் குளிரைப் பற்றி மட்டும் கேள். கதிரேசன் உன் பக்கத்திலேயே இருப்பான். இருபத்தைந்துக்கு முன்னால் ஃபேக்ஸ், மகளே.

உன் ஆத்தா
கா. கோமளவல்லி