மரியசெல்வம் கேட்டது

சேசு மரி சூசை துணை

செஞ்சி, 1946 தை

என் பிரியமுள்ள உங்களுக்கு,

தங்கவயலில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். கம்பளி அனுப்புகிறேன்.

நம் மகள் மரியசெல்வம் ஒரு மாதமாகப் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாள். அவலூர்பேட்டைச் சந்தையில் ஆசையாக வாங்கிய வளையல்களையெல்லாம் பக்கத்து வீட்டு ரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டு, "இனிமே எனக்கு எதுக்கு?" என்றாளாம்.  நேற்று மத்தியானம் தலை வாரிவிடும்போது கேட்டுவிட்டேன்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதாடி?"

 திரும்பிப் பார்த்து, "உனக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

"தெரியாது. அதான் கேக்கறேன். எனக்கு இன்னா அவசரம், மெதுவா சொல்லு."

"காரணம்னு ஒண்ணும் இல்லம்மா. காலைல எழுந்திரிக்கறதே பாரமா இருக்குது."

நான் திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். விளக்கேற்றும் நேரத்தில் அவளாகவே சோறு கேட்டுச் சாப்பிட்டாள். நாளை விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டப்போகிறேன். ரஞ்சிதமும் கூட வருகிறாள். மரியசெல்வத்தைத் தனியாக விடுவதில்லை.

நேற்று படுக்கப் போகுமுன் ஒன்று கேட்டாள். "நம்ம குடும்பத்துல எனக்கு மட்டுந்தான் இப்டியாம்மா?"

அப்பாவைக் கேட்கலாம் என்றேன். பத்தொன்பது வயதில் இறந்த உங்கள் தங்கைக்குக் காய்ச்சல் என்றுதான் கல்யாணத்தின்போது சொன்னீர்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவீர்கள். அது காய்ச்சல்தானா?

எனக்கு எழுத வேண்டாம். லீவு போட்டு வந்து, மகளிடமே சொல்லுங்கள். அவள் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள். ஒரு மாதத்தில் அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி